கோறைபட்ட மரம்: ஓர் அறவியல் நோக்கு

வீட்டு வளவொன்றில் நிற்கும் முதிய மாமரத்தின் அடிப்பாகத்தில் ஒரு பொந்து காணப்படுகின்றது. முன்னொரு காலம் கூரைக்கு இடையூறாயிருந்த கிளையைக் கோடரியால் தறித்த இடம் அது. தறித்த காயத்தில் நீர் தங்கி, மரம் உக்கி, ஒரு முழங்கை உட்செல்லுமளவுக்குக் கோறை விழுந்துவிட்டது. வீட்டுக்காரர் நல்லவர்; தந்தையார் நட்ட மரம் என்ற பற்றும் உடையவர். மேசன் ஒருவரை அழைத்து, உக்கிய பகுதியை உளியாற் சுரண்டி எடுப்பித்து, உள்ளே தெரிந்த நல்ல மரத்துக்குத் தார் பூசுவித்து, சல்லியும் மணலும் சீமெந்தும் குழைத்துப் பொந்தை நிரப்பி, மேற்புறத்தை வழுவழுப்பாக மெழுகுவிக்கின்றார். மரத்துக்குச் செய்யவேண்டியதைச் செய்தாயிற்று என்ற மனநிறைவோடு வீட்டினுள்ளே செல்கின்றார்.

இவ்வாறான மனிதர் நம்மிடையே பலர் உளர். இவர் செய்தது நல்ல செயலா என்று வினவினால், வினவுபவரையே மக்கள் விந்தையாக நோக்குவர். பொய் கூறலாமா, கொலை எவ்விடத்தும் தீதா என்றவாறான பெருவினாக்களைக் கேட்டுப் பழகிய மெய்யியல் மாணவருக்கும் மாமரப் பொந்து அறவியலின் பாற்பட்டதாகத் தோன்றாது. ஆயினும், நல்லெண்ணம் ஒரு செயலை நல்லதாக்கப் போதுமானதா என்ற பழைய வினா இப்பொந்தினுள்ளே முழுமையாக அடங்கிக் கிடக்கின்றது. மேலோட்டமாக நோக்குவோர்க்கு அது சீமெந்தினால் மறைக்கப்பட்டிருக்கின்றது என்பதே வேறுபாடு.

மரத்தின் காயத்துக்கு மருந்திடும் வழக்கம் மிகப் பழையது. சாணமும் களிமண்ணும் குழைத்து வெட்டுவாயில் அப்புவதைக் கிராமங்களிலே இன்றும் காணலாம். இவ்வழக்கத்தை அரச மதிப்புக்கு உயர்த்தியவர் இங்கிலாந்தின் மூன்றாம் யோர்ச் மன்னருக்குத் தோட்டக்காரராயிருந்த வில்லியம் போர்சைத் என்பவர். புதுச் சாணம், பழங்கட்டடங்களின் சுண்ணாம்புச் சிதைவு, விறகுச் சாம்பல், ஆற்றுமணல் ஆகியவற்றைக் கலந்து அவர் ஆக்கிய பூச்சு, கோறைபட்ட கருவாலி மரங்களையும் மீண்டும் முழுமரமாக்கும் என 1791இல் வெளியிட்ட நூலில் அவர் உரைத்தார். போர்க்கப்பல்கள் கருவாலி மரத்தாற் கட்டப்பட்ட காலம் அது. உக்கிய மரத்தைக் கப்பலுக்கேற்ற மரமாக்கும் மருந்து என்றால் அரசு செவிசாயாதிருக்குமா? பாராளுமன்றம் அவருக்குப் பணக்கொடை வழங்கியது. தோமஸ் அன்று நைற் போன்ற தாவர அறிஞர் சிலர் ஐயுற்று மறுத்தனர். பூச்சின் புகழ் மங்குவதற்குக் காலம் சென்றது. மஞ்சட் பூப் பூக்கும் குளிர்நாட்டுச் செடியொன்று அவருடைய பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. அவருடைய மருந்தை எவரும் பயன்படுத்துவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. 1870களில் ஜேர்மனிய அறிஞர் றொபேட் ஹார்ட்டிக், உக்கிய மரத்திற் காணப்படும் பங்கசு உக்கலின் விளைவன்று, அதன் காரணம் என நிறுவினார். இவ்வறிவு பெரும் முன்னேற்றமே. ஆனால் அது ஒரு தவறான ஒப்புமைக்கும் வழிகோலிற்று. அக்காலத்தில் சத்திரசிகிச்சையில் கிருமியொழிப்பு முறை வெற்றிபெற்றுக்கொண்டிருந்தது. சொத்தைப் பல்லைச் சுரண்டி அடைக்கும் பல்வைத்தியமும் வளர்ந்துகொண்டிருந்தது. மனிதனின் புண்ணுக்கும் பல்லுக்கும் பொருந்துவது மரத்துக்கும் பொருந்துமென எண்ணியதில் வியப்பில்லை. இங்கிலாந்திற் பிறந்து ஐக்கிய அமெரிக்காவிற் குடியேறிய யோன் டேவி 1901இல் வெளியிட்ட நூலுக்கு 'மரவைத்தியர்' என்னும் பொருள்பட்ட பெயரையே இட்டார். பொந்தை நல்ல மரம் தென்படும்வரை சுரண்டுதல், நீர் வடியத் துளையிட்டுக் குழாய் செருகுதல், இரும்புக் கம்பி பாய்ச்சுதல், மரம் காற்றில் அசையும்போது வெடிக்காதவாறு சீமெந்தைப் பகுதி பகுதியாக நிரப்புதல் என்பன ஒரு தொழிற்கலையாகவே வளர்ந்தன. அத்தொழிலில் ஈடுபட்டோர் ஏமாற்றுக்காரரல்லர். அவர்களுடைய கைத்திறனையும் பொறுமையையும் இகழ்வது நன்றியன்று. குறை வேறிடத்தில் இருந்தது: மரம் தன் காயத்துக்கு என்ன செய்கின்றது என்பதை மரத்தினிடமே எவரும் கேட்கவில்லை.

கேட்டவர் அலெக்ஸ் ஷைகோ. 1959இல் அமெரிக்க வனச் சேவையிற் சேர்ந்த இவர், அக்காலத்திற் பாவனைக்கு வந்திருந்த, ஒருவரே கையாளக்கூடிய சங்கிலி வாளின் துணைகொண்டு ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து நோக்கினார். முன்னையோர் மரத்தைக் குறுக்காக வெட்டியே பார்த்தனர். குறுக்குவெட்டில் உக்கல் ஒரு வட்டமாகத் தெரியுமேயன்றி, அது எங்கே தொடங்கி எங்கே நின்றது என்பது தெரியாது. நெடுக்காகப் பிளந்தபோது, உக்கல் மரத்தினுள் விருப்பம்போல் பரவுவதில்லை என்பதும், ஒவ்வொரு காயத்தைச் சுற்றியும் மரம் எல்லைகளை அமைத்துக்கொள்கின்றது என்பதும் புலனாயின. 1977இல் இக்கருத்தை அவர் நான்கு சுவர்களாக வகுத்து வெளியிட்டார்.

காயத்துக்கு மேலும் கீழுமுள்ள நீர்க்குழாய்களை மரம் அடைத்துவிடுவது முதற் சுவர். நான்கிலும் நலிந்தது இதுவே. ஆகையாற்றான் உக்கல் நெடுக்காக நீண்டு செல்கின்றது. வளர்ச்சி வளையங்களின் செறிந்த கலங்கள் உட்புறமாகப் பரவுவதைத் தடுப்பது இரண்டாவது. மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடும் கதிர்கள் பக்கவாட்டிற் பரவுவதைத் தடுப்பது மூன்றாவது. இம்மூன்றும் காயம் பட்ட நாளில் ஏற்கெனவே இருந்த மரத்தினுள் எழுபவை. நான்காவது அத்தகையதன்று. காயத்துக்குப் பின்னர் மாறிழையம் புதிதாக ஆக்கும் தடைப்படலம் அது. காயத்துக்கு முன்னிருந்த மரத்தையும் பின்னர் வளரும் மரத்தையும் அது பிரித்து நிற்கின்றது. நான்கிலும் வலியதும் அதுவே. ஆதலின், பழைய காயமொன்றால் உக்கிய மரத்தின் கோறை பொதுவாக அக்காயம் பட்ட நாளில் மரம் இருந்த பருமனைத் தாண்டுவதில்லை. நாற்பதாண்டுக்கு முன் தறித்த கிளையால் விளைந்த பொந்தின் அகலம் நாற்பதாண்டுக்கு முந்திய மரத்தின் அகலத்தைக் காட்டும். அதற்குப் பின் வளர்ந்த மரம் வெளியே நலமுற நிற்கும். இவ்வெல்லையை மீறும் பங்கசுக்களும் உள. புதுக்காயமும் கதையை மாற்றிவிடும். எனினும் பொதுநெறி இதுவே.

விலங்கின் புண் ஆறும். அழிந்த கலங்களின் இடத்திலேயே புதிய கலங்கள் தோன்றும். மரத்தின் புண் அவ்வாறு ஆறுவதில்லை. மரம் பழுதுபட்டதை மீட்க முயல்வதில்லை. அதனை எல்லையிட்டுக் கைவிட்டுவிட்டு அதன் புறத்தே புதிதாக வளர்கின்றது. இவ்வுண்மை தெரிந்தபின், மேசனின் உளி செய்தது யாது என்பதும் தெரிந்துவிடும். "நல்ல மரம் தென்படும்வரை" சுரண்டினார் அல்லவா? அந்த நல்ல மரத்தின் எல்லையிலேதான் சுவர் இருந்தது. பல ஆண்டுகள் மரம் பாடுபட்டுக் கட்டியதை அவர் அரைநாளில் உடைத்து, உள்ளே நின்ற பங்கசுவுக்குப் புதிய மரத்தைத் திறந்துவிட்டார். நீர் வடியவென இடும் துளையும் அதே வேலையைச் செய்யும். தாரோ வண்ணப்பூச்சோ உக்கலைத் தடுப்பதில்லை. சீமெந்து காற்றில் மரத்தோடு வளையாது. உள்ளே உராய்ந்து, தனக்கும் மரத்துக்கும் இடையேயுள்ள இடுக்கில் ஈரத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

ஈண்டு தமிழ் மரபிலிருந்து ஒரு செய்தியை நினைவுகூர்தல் பொருத்தமாகும். தொல்காப்பிய மரபியல், வயிரம் புறத்தே உள்ளவற்றைப் புல் என்றும் அகத்தே உள்ளவற்றை மரம் என்றும் வகுக்கின்றது. அகக்காழ் உடையதே மரம். அங்ஙனமாயின், உள் உக்கி அகக்காழ் அழிந்த மாமரம் மரந்தானா? சொல்விளையாட்டாகத் தோன்றும் இவ்வினா மெய்யியலிற் சாரம் பற்றிய வினாவே. எது நீங்கினால் ஒரு பொருள் அப்பொருளாக இல்லாது போகும்? வீட்டுக்காரரின் மனத்தில், அவர் அறியாமலே, இதற்கொரு விடை இருந்தது. நடுவே உள்ளதுதான் உயிர்நிலை. அது போயிற்றென்றால் மரம் போயிற்று. ஆகவே அவ்விடத்தை எதனாலாவது நிரப்பவேண்டும் என்பதே அது. தாவரவியல் கூறுவது இதற்கு மாறானது. நடுவிலுள்ள வன்வைரத்தில் உயிருள்ள கலங்கள் இல்லை. மரத்தின் உயிர் பட்டைக்கு உட்புறமாக ஓடும் மெல்லிய மாறிழையத்திலும், அதனையடுத்த மென்வைரத்திலும், உரியத்திலும் உள்ளது. மனிதனுக்கு இதயம் நடுவே இருப்பதால் மரத்துக்கும் அவ்வாறே எனக் கருதுவது நம் உடம்பை மரத்தின்மேல் ஏற்றிக் காண்பதன்றி வேறன்று. தொல்காப்பியர் மரத்தை அடையாளங்காணும் வழியைச் சொன்னாரேயன்றி, அதன் உயிர் எங்குள்ளதெனச் சொல்லவில்லை என்பதையும் குறிப்பிடல் வேண்டும்.

பனையும் தென்னையும் அவ்வகுப்பின்படி புல்லாகும். அவற்றுக்கு மாறிழையம் இல்லை. ஆகவே காயத்தின் விளிம்பிலிருந்து புதுமரம் உருண்டு வந்து மூடுவதென்பது அவற்றில் நிகழாது. ஏறுவதற்காகத் தென்னையில் வெட்டிய படி அம்மரம் சாயும்வரை வெட்டியவாறே இருக்கும். புறக்காழ் என்றும் அகக்காழ் என்றும் கண்டு பிரித்த பண்டையோரின் நோக்கு, காயத்தின் வரலாற்றிலும் உண்மையாகவே நிற்பது வியக்கத்தக்கது.

வலிமையைப் பற்றிய அச்சமும் ஓரளவு மிகைப்பட்டதே. வளைவை எதிர்க்கும் வலிமை பெரும்பாலும் புறத்தேயுள்ள பகுதியால் விளைவது. விட்டத்தின் பாதியளவுக்கு நடுவே வட்டமாகக் கோறைபட்ட தண்டு, கணிதப்படி, தன் விறைப்பில் பதினாறில் ஒரு பங்கையே இழக்கும். பத்தில் ஏழு பங்கு கோறையாயினும் இழப்பு ஏறத்தாழ நான்கிலொன்றுதான். மூங்கில் இதற்குச் சான்று. ஆனால், பொந்து பக்கவாட்டில் வாய் திறந்திருப்பின் இக்கணக்கு அப்படியே பொருந்தாது. எஞ்சிய சுவரின் தடிப்பு ஆரையின் மூன்றிலொரு பங்குக்குக் குறைந்தால் எச்சரிக்கை வேண்டும் என்பது மரங்களை ஆராய்வோர் பலர் கையாளும் அளவுகோல். அதுவும் விவாதத்துக்கு அப்பாற்பட்டதன்று.

இனி, நல்லெண்ணம் பற்றிய வினாவுக்குத் திரும்பலாம். நல்விருப்பு ஒன்றே நிபந்தனையின்றி நல்லது என இம்மானுவேல் கான்ற் 1785இல் வெளியிட்ட அறவியல் நூலில் வாதித்தார். அதன் பயன் கைகூடாவிடினும் அதன் மதிப்புக் குன்றாது என்பது அவர் கொள்கை. இதனைப் படிக்கும் மாணவர் பலர், எண்ணம் நன்றாயிருந்தாற் போதும் என்று விளங்கிக்கொள்கின்றனர். கான்ற் அவ்வாறு கூறவில்லை. நல்விருப்பு என்பது வெறும் ஆசையன்று, தன் ஆற்றலுக்குட்பட்ட வழிகள் யாவற்றையும் திரட்டுவது என்று அவர் தெளிவாகவே வரையறுத்தார். அறிந்துகொள்வதும் அவ்வழிகளுள் ஒன்றல்லவா? 1901இல் பொந்தை நிரப்பியவர் தமக்கு எட்டிய அறிவைத் திரட்டியே செயற்பட்டார். கேட்டால் அறியக்கூடிய காலத்தில் கேளாது செயற்படுபவரின் நிலை அதுவன்று. அவர் கெட்டவராகிவிடமாட்டார், ஆனால் அவருடைய நல்லெண்ணத்தில் மரத்தின்மேலுள்ள அன்பைவிடத் தம் மன அமைதியின்மேலுள்ள அன்பு கூடுதலாகக் கலந்திருக்கின்றது. பொந்தைப் பார்க்க அவரால் முடியவில்லை, அதனால் மூடினார்.

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் செயலைக் கொடைமடம் என்று தமிழ்மரபு போற்றும். பற்றுக்கோடின்றி அசைந்த கொடிக்குத் தேர் வேண்டுமா, ஒரு கழி போதாதா என்று பாரி எண்ணவில்லை. அறியாமை என்ற பொருளுடைய மடம் என்னும் சொல்லே அங்கு புகழாகியது. பெறுபவரின் தேவையை அறியாது கொடுப்பதும் அறமாகும் என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டுவோர் உளர். ஆனால் அம்மடத்தால் இழந்தவன் பாரி. முல்லைக்குத் தீங்கு எதுவுமில்லை. தேர் கொடியை வருத்தாது, கொடியும் தன்னியல்பிற் படர்ந்தது. சீமெந்து நிரப்பியவரின் மடத்துக்கு விலை கொடுப்பது மரம். கொடுப்பவன் தாங்கும் அறியாமையும் பெறுபவன்மேற் சுமத்தப்படும் அறியாமையும் ஒரே பெயருக்கு உரியனவல்ல.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழுவது இயல்பு. மரம் எவ்வளவு பெரிய பொருளாயிருக்கின்றது என்பது மனிதருக்கு மனிதர் வேறுபடும். 2009இல் போர் முடிந்தபின் வன்னியிலும் வலிகாமம் வடக்கிலும் தத்தம் காணிகளுக்கு மீண்டோர் பலர், வீடிருந்த இடத்தில் அத்திவாரத்தையும், அதனருகே நின்ற மரத்தையுமே கண்டனர். எல்லைவேலி அழிந்த காணியில், எது தம் வளவு என்பதைக் காட்டி நின்றது அம்மரந்தான். அதன் தண்டில் எறிகணைத் துண்டு பாய்ந்த வடுவோ, உக்கிய பொந்தோ இருந்தால், அதனை அவ்வாறே விட்டுவிடுமாறு கூறுவது எளிதா? அவர்கள் பொந்தை அடைக்க விரும்புவது அழகுக்காகவன்று. எஞ்சியிருக்கும் ஒன்றேனும் முழுமையாயிருக்க வேண்டுமென்பதற்காக. இவ்விருப்பத்தின் முன் தாவரவியற் பாடம் நடத்துவது நயமன்று. எனினும் உண்மை அவர்களுக்கும் உரியதே. அந்த மரம் காயத்தை எல்லையிட்டுவிட்டு அதன் பின்னரும் ஆண்டுதோறும் வளர்ந்திருக்கின்றது. அதனுள்ளே எவரும் கைவைக்காதிருப்பதே அதற்குச் செய்யும் உதவி என்று சொன்னால், அவர்கள் அதை விளங்கிக்கொள்ளமாட்டார்கள் என்று கருதுவதும் ஒருவகை அவமதிப்பே. மரத்தைக் காட்டிச் சமூகத்துக்கு நீதி கூறும் ஆசை இவ்விடத்தில் எழும். அதனை அடக்கிக்கொள்வது நன்று. மரத்துக்குச் சுவர் கட்டி மறப்பது இயலும் என்பதால் மனிதருக்கும் அதுவே முறை என்று ஆகிவிடாது.

பொந்து என்பது மரத்துக்கும் மனிதனுக்கும் இடையிலான விவகாரம் மட்டுமன்று. கிளியும் மைனாவும் ஆந்தையும் அதில் முட்டையிடுகின்றன. கொம்புத்தேனீ வெளிக்கிளையில் அடை கட்டும். இந்தியத் தேனீயோ இருண்ட பொந்தை நாடும். இருவாய்ச்சிப் பறவை தானே மரத்தைக் குடையும் ஆற்றலற்றது; இயற்கையாக அமைந்த பொந்தினுட் பெண்பறவை புகுந்து, வாயிலைச் சிறு துவாரமளவுக்கு அடைத்துக்கொள்ள, ஆண்பறவை இரை கொணர்ந்து ஊட்டும். ஆகவே சீமெந்து, உரிமையாளரின் பெயரில்லாத சில குடிகளையும் வெளியேற்றிவிடுகின்றது. இவற்றுக்கு உரிமை உண்டா என்பது பெரிய வழக்கு. உரிமை இல்லையென்று கொள்வோரும், மரத்துக்கே நன்மை செய்யாத ஒரு வேலைக்காக அவற்றை அகற்றுவதற்கு நியாயம் காட்ட இயலாது.

அவ்வாறாயின் கைகட்டி நிற்பதுதான் அறமா? அன்று. இங்கேதான் செய்யாதிருத்தலும் சோம்பலும் பிரிகின்றன. பொந்துக்குச் செய்யவேண்டியது பெரும்பாலும் பொந்து தோன்றுவதற்கு முன்னரே செய்யவேண்டியது. கிளை தண்டோடு சேருமிடத்தில் கழுத்துப்போற் புடைத்திருக்கும் பகுதியை விட்டு, அதற்கு வெளியே கூரிய வாளால் அறுத்தால், மரம் தன் எல்லையைச் செவ்வனே அமைக்கும். தண்டோடு ஒட்ட வெட்டினாலோ, கோடரியாற் கொத்தி முளையை நீளமாக விட்டாலோ, உக்கலுக்கு அழைப்பு விடுத்தவாறாகும். வேலிக்கம்பியை உயிர்மரத்தில் ஆணியடித்து இறுக்குவது, அடியிற் குப்பையை எரிப்பது, வேரின்மேல் மண்ணைக் குவிப்பது ஆகியவற்றை விடுவதற்குப் பணச்செலவு இல்லை. கோறை விழுந்தபின் செய்யத்தக்கது, ஆண்டுக்கொருமுறையேனும் சென்று பார்ப்பது. அடியிற் காளான் தட்டுத்தட்டாக முளைத்திருக்கின்றதா, தண்டில் புது வெடிப்பு உண்டா, வேரடியில் மண் கிளம்பியிருக்கின்றதா, மரம் முன்னையினும் சாய்ந்திருக்கின்றதா என்பவற்றை நோக்கவேண்டும். மரச்சுத்தியலாற் தட்டினால் எழும் ஓசை அனுபவமுள்ள காதுக்கு எவ்வளவோ கூறும்.

தேவையாயின் தாங்கு கொடுக்கலாம். அநுராதபுரத்துப் போதிமரம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் நாட்டப்பட்டதென மரபு கூறும். அதன் கிளைகளைப் பொற்றகடு போர்த்த முட்டுக்கள் தாங்கி நிற்கின்றன. முட்டு மரத்தினுட் புகுவதில்லை. மரம் செய்ய இயலாததை மாத்திரம் புறத்தே நின்று செய்கின்றது. நெடுந்தீவிலுள்ள பெருக்கமரத்தின் குழிவினுள் மனிதர் நுழைந்து நிற்கலாம். அக்குழிவு எவ்வாறு தோன்றியதாயினும், அதனை நிரப்பவேண்டுமென எவருக்கும் தோன்றாதது அம்மரத்தின் நற்பேறு.

ஆனால் பள்ளிக்கூடத்து முற்றத்திலோ பஸ் தரிப்பிடத்தின் மேலோ கோறைபட்ட மரம் கவிந்து நிற்குமாயின், வழக்கு வேறாகின்றது. கீழே செல்பவர் ஆபத்தை அறியார்; அதற்கு இசைவும் தரவில்லை. மாரிக்காற்றில் மரம் சாய்ந்து உயிரிழப்பு நேர்ந்த செய்திகள் இந்நாட்டுப் பத்திரிகைகளுக்குப் புதியவையல்ல. அங்கே கிளைப்பாரத்தைக் குறைப்பதோ, அதுவும் போதாதென்றால் வெட்டி வீழ்த்துவதோ கடமையாகும். மரத்தின்மேலுள்ள பற்று, பிறர் தலையின்மேல் வைக்கும் பந்தயமாதல் கூடாது. சீமெந்துப் பூச்சின் மிகப் பெரிய குற்றமும் இவ்விடத்திலேயே வெளிப்படுகின்றது. திறந்த பொந்து ஓர் எச்சரிக்கை; எவரும் எட்டிப் பார்த்து அதன் ஆழத்தை அறியலாம். மெழுகிய பொந்து, நலமான மரம் என்று வழிப்போக்கனிடம் கூறுகின்றது. வீட்டுக்காரர் பொய் சொல்ல எண்ணியதேயில்லை. ஆயினும் அவர் செய்வித்த பூச்சு நாள்தோறும் அங்கே நின்று பொய் சொல்லிக்கொண்டிருக்கின்றது.

இவற்றையெல்லாம் அறிந்தபின், அந்த வீட்டுக்காரர் மீண்டும் மேசனை அழைத்துச் சீமெந்தைக் கொத்தி எடுப்பிக்க விரும்பலாம். திருத்தவேண்டும் என்ற துடிப்பு முன்னையதைப்போலவே நல்லதுதான். ஆனால் உளி பாய்ந்த நாளிலிருந்து மரம் மீண்டும் ஓர் எல்லையை அமைத்திருக்கும். விளிம்புகள் உதடுபோற் சுருண்டு சீமெந்தின்மேற் படர்ந்திருக்கும். இறுகிய கட்டியை இப்பொழுது பெயர்த்தால் அந்த எல்லையும் உடையும். நிரப்பியது தவறாயினும் நிரப்பியதை மரத்தோடு விட்டுவிடுவதே தக்கது. காளான் முளைக்கின்றதா என்று அடியைப் பார்த்துக்கொண்டு, வீதிப்பக்கமாக நீண்ட கிளையை அதன் கழுத்துக்கு வெளியே அளவாகக் குறைப்பித்து, கோடை தோறும் காய்ப்பதைப் பறித்துக்கொள்ளலாம்.